தலைமடையும் கடைமடையும்: காவிரிப் படுகைப் புனைகதையின் நிலமும் மனமும்

தஞ்சைப் பசுமையில் மனிதக் கை படாத இடம் அநேகமாக இல்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும் தண்ணீர் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு எனக் கிளைத்து, வாய்க்காலில் இறங்கி, மதகும் மடையுமாக வயலுக்குப் போகிறது. யார் வயலுக்கு முதலில் பாயும், யார் இரவெல்லாம் வரப்பில் காத்திருப்பார், யார் சேற்றில் இறங்குவார் என்பதும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்தே முடிவாகிறது. ஆகவே இந்த மண்ணில் ஆற்றை எழுதுகிறவர், அறிந்தோ அறியாமலோ, மனித உறவைத்தான் எழுதுகிறார். இங்கே தோன்றிய நவீனப் புனைகதையை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு.

தொல்காப்பியம் மருதத் திணைக்கு வயலை நிலமாகவும் வைகறையைப் பொழுதாகவும் தந்து, அதற்குரிய ஒழுக்கமான உரிப்பொருளாக ஊடலை வைத்தது. ஊடல் நிகழ்வது வீட்டுக்குள். இருபதாம் நூற்றாண்டுத் தஞ்சை எழுத்தின் முதல் அலையும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நின்றது. 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழில் எழுதிய ந. பிச்சமூர்த்தியும் கு.ப. ராஜகோபாலனும் கும்பகோணத்துக்காரர்கள். கு.ப.ரா.வின் ‘விடியுமா?’ கதையில் தந்தி கண்டு கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ரயிலேறும் அக்காளும் தம்பியும் ஓர் இரவைக் கடக்கிறார்கள். வெளியே நிகழ்ச்சி என்று அதிகம் இல்லை. அச்சமும் நம்பிக்கையும் மாறி மாறி வரும் மனமே கதை.

இந்த மரபை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் தி. ஜானகிராமன். 1921இல் மன்னார்குடி அருகே தேவங்குடியில் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் படித்து, பின்னர் வானொலிப் பணிக்காகச் சென்னையிலும் டெல்லியிலும் வாழ்ந்தவர். ஊரை விட்டு விலகிய பிறகும் அவர் எழுத்து காவிரிக் கரையிலேயே குடியிருந்தது. ‘மோகமுள்’ நாவலில் பாபுவின் ஏக்கமும் ரங்கண்ணாவிடம் அவன் கற்கும் சங்கீதமும் கும்பகோணத்துத் தெருக்களோடு பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. ‘அம்மா வந்தா’ளில் ஆற்றங்கரைப் பாடசாலையில் வேதம் படித்துவிட்டு வீடு திரும்பும் அப்பு, தாய் அலங்காரத்தம்மாளின் ரகசிய உறவை எதிர்கொள்கிறான். மகனை வேதம் படிக்க அனுப்பியதே அவள் தேடிய பிராயச்சித்தம் என்று தெரியும்போது, குற்றம், அன்பு என்ற சொற்களே போதாமல் போகின்றன. ஜானகிராமனிடம் வெயில், நிழல், வாசனை, ஆற்று நீரின் குளிர்ச்சி எல்லாம் யாரோ ஒருவருடைய ஆசையின் வழியாகவே வரும். வெறும் வருணனை என்று தள்ளக்கூடிய வரி அவரிடம் மிகக் குறைவு. எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து அவர் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ 1971இல் வந்தது. ஆற்றின் பிறப்பிடத்திலிருந்து கடல் வரை தொடரும் அந்தப் பயண நூல், அவருக்கு ஆறு எத்தனை பெரிய சொந்தம் என்பதற்குச் சான்று.

ஜானகிராமனின் கும்பகோணத்து நட்பு வட்டத்தைச் சேர்ந்த எம்.வி. வெங்கட்ராம் ‘வேள்வித் தீ’யில் சௌராஷ்டிர நெசவாளர் வீட்டைத் திறந்து காட்டினார். கரிச்சான் குஞ்சு ‘பசித்த மானிட’த்தில் (1978) தொழுநோய் கண்ட கணேசனின் உடலைக் கொண்டு பசியின் பல முகங்களை ஆராய்ந்தார். அக்ரகாரத்துக்கு வெளியே கதை நகர்ந்தது. ஆனாலும் நெல்லை விளைவித்தவர்கள் இன்னும் கதையின் ஓரத்திலேயே நின்றார்கள்.

அவர்கள் நடுவே வர அரசியல் தேவைப்பட்டது. பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள், தண்டனையாகப் புகட்டப்பட்ட சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகப் பண்ணையாட்களைத் திரட்டினார்கள். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலிப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் தலித் உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) அதை நாவலாக்கிச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. நாவலில் வரும் நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறைவை ஒரு காரணமாகக் காட்டியதை இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்பு நியாயமானது. உறவுகளின் ஆழத்தை ஒரு தனிமனிதனின் மனத்துக்குள் மட்டும் தேடுவது, ஓர் ஊரின் கூலிக் கணக்கை மறைத்துவிடும். சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ அதே நெருப்பை உழைக்கும் மக்களின் பக்கம் நின்று, அவர்கள் பேச்சிலேயே சொன்னது.

ராஜம் கிருஷ்ணன் நேரில் போய்க் கேட்டு எழுதியவர். ‘சேற்றில் மனிதர்கள்’ வயலில் இறங்கியவர்களின் நாவல். ‘பாதையில் பதிந்த அடிகள்’ மணலூர் மணியம்மாளின் வாழ்வு. அக்ரகாரத்து விதவையாக இருந்து, வேட்டியும் ஜிப்பாவும் அணிந்து, விவசாயத் தொழிலாளர்களின் தலைவியான அந்தப் பெண், வீட்டுக்குள் நின்ற கதைக்கும் வயலில் நடந்த கதைக்கும் இடையே தம் வாழ்வாலேயே பாலமிட்டவர். தஞ்சை ப்ரகாஷின் ‘கரமுண்டார் வூடு’, சி.எம். முத்துவின் ‘கறிச்சோறு’ ஆகியவை கள்ளர் சமூகக் குடும்பங்களின் உள்ளறைகளையும் பேச்சையும் கூச்சமின்றித் தந்தன. பட்டுக்கோட்டையில் பிறந்து, கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் பயின்ற யூமா வாசுகியின் ‘ரத்த உறவு’, தகப்பனின் வன்முறையைக் குழந்தைகளின் கண்ணால் காண்கிறது. அதில் வரும் பிரியமும் பயமும் ஓவியனின் கண்ணுக்கு மட்டுமே அகப்படும் நுணுக்கத்தோடு துலங்குகின்றன.

இவர்களைத் தனித்தனி முகாம்களாக வாசிக்கும் பழக்கம் நம்மிடம் நீண்ட காலமாக இருக்கிறது. ஒரு பக்கம் அழகியல், மறுபக்கம் போராட்டம் என்கிறோம். ஒரே வாய்க்காலின் தலைமடையையும் கடைமடையையும் இரண்டு ஊர் என்று சொல்வதைப் போன்றது இது. அலங்காரத்தம்மாளின் மனவேதனையை உணர்ந்த வாசகர், வெண்மணித் தாய்மார்களின் வேதனைக்கும் அதே கவனத்தைத் தர வேண்டும். வெண்மணியை எழுதுகிறவரும், ஒரு மனத்தின் அசைவைப் பிடிக்க ஜானகிராமனிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்று பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் நாள் எல்லா ஆண்டும் உறுதியாக இல்லை. நடவுக்கு எந்திரம் வந்துவிட்டது. வடமாநிலத் தொழிலாளர்களும் வந்து நாற்று நடுகிறார்கள். அறுவடை எந்திரம் நம் பெண்களின் கையிலிருந்து அரிவாளை வாங்கிவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. வேலை இழந்த நடவுக்காரிக்கும் வங்காளத்திலிருந்து வந்த இளைஞனுக்கும் இடையே ஒரே வரப்பில் உருவாகும் உறவு, இந்த மண்ணுக்குப் புதிய உரிப்பொருள். அதை எழுத வேண்டியவர்கள் இன்று படுகைக் கிராமங்களில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். அழகியல், போராட்டம் என்ற இரு மரபுகளையும் ஒன்றாக அவர்கள் கையில் கொடுப்பது நம் பள்ளிகளின், நூலகங்களின், இதழ்களின் கடமை.