வியட்நாம் போரை நிறுத்தியது யார்?

வியட்நாம் போரை அமெரிக்க மாணவர்கள்தான் நிறுத்தினார்கள் என்று ஒரு தரப்பு அரை நூற்றாண்டாகச் சொல்லிவருகிறது. ஜெயிக்க வேண்டிய போரைக் கெடுத்ததே அவர்கள்தான் என்கிறது மறுதரப்பு. ஒன்று பாராட்டு, மற்றது வசை. போராட்டம்தான் போரின் முடிவைத் தீர்மானித்தது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எனக்கு அதில்தான் சந்தேகம்.

1968 ஜனவரியில் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய டெட் தாக்குதலுக்குப் பின், மார்ச் 31 அன்று அதிபர் ஜான்சன் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். எதிர்ப்பாளர்கள் கொண்டாடினார்கள். ஆனால் நவம்பரில் அதிபர் தேர்தலில் ஜெயித்தவர் நிக்சன். போரில் இறந்த 58,000 அமெரிக்கர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அவர் ஆட்சியில் இறந்தவர்கள். 1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல் படை 13 விநாடி சுட்டதில் நான்கு மாணவர்கள் மாண்டார்கள். அதையொட்டி எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையோர் பழியை மாணவர்கள் மேலேயே போட்டார்கள். போர் பிடிக்காதவர்களுக்கே போராட்டக்காரர்களைப் பிடிக்கவில்லை! 1972இல் நிக்சன் 49 மாநிலங்களை அள்ளினார்.

அப்படியானால் போராட்டம் வீணா? அதுவும் சரியில்லை. 1969 நவம்பர் 1க்குள் வழிக்கு வராவிட்டால் கடுமையாகத் தாக்குவோம் என்று வடக்கு வியட்நாமின் ஹனோய் அரசை நிக்சன் ரகசியமாக மிரட்டியிருந்தார். அக்டோபர் 15 அன்று நாடெங்கும் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கியதால் அந்த மிரட்டல் பிசுபிசுத்துப்போனதை அவரே தன் நினைவுக் குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். போர் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு மக்கள் ஒரு வரம்பு போட்டார்கள். இது சிறிய சாதனை இல்லை.

நிக்சன் இன்னொன்றையும் புரிந்துகொண்டார்: இளைஞர்களின் எதிர்ப்பில், தாங்களே போருக்கு இழுக்கப்படுவோம் என்ற பயமும் இருந்தது. 1969 டிசம்பர் 1 அன்று கண்ணாடி ஜாடியில் 366 நீலக் குப்பிகளைப் போட்டு, கட்டாய ராணுவ சேவைக்கு யாரை முதலில் அழைப்பது என்று முடிவுசெய்ய, பிறந்த தேதியைக் குலுக்கி எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. பின்வரிசை எண் கிடைத்தவனுக்கு அன்றே பாதி பயம் போயிற்று. படைகளும் ஊர் திரும்பத் திரும்ப, ஊர்வலங்கள் மெலிந்தன. தரையில் சாகும் வேலை தெற்கு வியட்நாம் படைக்குப் போனது. அமெரிக்கா வானத்திலிருந்து குண்டு போட்டது. 1972 டிசம்பரில் ஹனோய் மீது பி-52கள் பொழிந்தபோது, 1969இல் திரண்ட கூட்டம் அமெரிக்கத் தெருக்களில் இல்லை.

வியட்நாமில் நின்ற பிறகும் கம்போடியாவில் தொடர்ந்த குண்டுவீச்சு கடைசியில் நின்றது 1973 ஆகஸ்ட் 15 அன்று. வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் தளர்ந்திருந்த நேரம் பார்த்து அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியதுதான் காரணம். எதிர்ப்பியக்கம் போரைப் பெருக விடாமல் தடுத்தது, அமெரிக்க உயிர்களைக் காத்தது. வியட்நாமியரின் உயிரை அந்த அளவுக்குக் காக்கவில்லை. போரை முடித்த பெருமை அதற்குச் சேராது.