மேடை தராததை இசைத்தட்டு தந்ததா: ஃபுகாஸியின் ஆறு ஆல்பங்கள்

வாஷிங்டன் நகரத்து ஃபுகாஸி குழு 1987 முதல் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்தியது. அவற்றில் 800க்கும் அதிகமானவை பதிவாகியுள்ளன. 2011 முதல் அந்தப் பதிவுகளைக் குழுவே ஒவ்வொன்றாக வெளியிட்டுவருகிறது. ஆகவே இவர்களுடைய ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்த உட்காருபவருக்கு முதலிலேயே ஒரு தர்மசங்கடம் காத்திருக்கிறது. எந்தப் பாட்டை எடுத்தாலும், ஆல்பத்தில் உள்ளதைவிட உக்கிரமாக அதை வாசித்த ஓர் இரவு அந்தப் பதிவுகளில் எங்காவது இருக்கும். அப்படியானால் ஸ்டுடியோ எதற்கு? மேடையில் கிடைக்காத எதை இந்த இசைத்தட்டு தருகிறது? நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது ஒன்றுதான்.

குழுவின் நால்வரில் இயன் மெக்கே ‘மைனர் த்ரெட்’ குழுவிலிருந்து வந்தவர். கீ பிச்சியோட்டோவும் டிரம்மர் பிரெண்டன் கான்டியும் ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’கில் சேர்ந்து வாசித்தவர்கள். பாஸ் கிட்டார் ஜோ லாலி. ஹார்ட்கோர் பங்க் இசையின் கோபம் இவர்களிடம் குறையவில்லை. ஆனால் ஒன்றரை நிமிடத்தில் பாய்ந்து முடிந்துவிடும் வேகத்தை விட்டுவிட்டு, ரெகேயிலிருந்தும் டப் இசையிலிருந்தும் இடைவெளியைக் கற்றுக்கொண்டார்கள். பாட்டின் நடுவே கிட்டார்கள் சட்டென்று நின்றுவிடும். பாஸ் மட்டும் நடந்துகொண்டிருக்கும். போஸ்ட் ஹார்ட்கோர் என்று பின்னால் அழைக்கப்பட்டதில் பாதி அந்த நிறுத்தங்களில் இருக்கிறது. டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர், எந்த வயதினருக்கும் அனுமதி, டி-ஷர்ட் விற்பனை கிடையாது, ஆல்பங்கள் எல்லாம் மெக்கேயும் நண்பரும் 1980இல் தொடங்கிய டிஸ்கார்ட் நிறுவனத்தின் வழியாக. இந்த நியமங்களைப் பற்றி எழுதிய அளவுக்கு இசையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

‘13 சாங்ஸ்’ இரண்டு இ.பி. தட்டுகளைச் சேர்த்துக் கட்டியது, ஆல்பம் அல்ல; அதனால் பட்டியலில் இல்லை. அதிலுள்ள ‘வெயிட்டிங் ரூம்’ பாடலின் பிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலிடம் 1995இல் வந்த ‘ரெட் மெடிசின்’. ‘ரிப்பீட்டர்’ அல்லது ‘தி ஆர்க்யுமென்ட்’ என்று எதிர்பார்த்தவர்கள் முகம் சுளிக்கலாம். தயாரிப்பாளர் இல்லாமல், டான் ஸியென்டாராவின் இன்னர் இயர் ஸ்டுடியோவில் நால்வரும் தாங்களே பொறுப்பேற்றுச் செய்தது இது. தாறுமாறான இரைச்சலில் தொடங்குகிறது. பழுதான ஒலிப்பேழையோ என்று நினைக்கும்போதே ‘டு யூ லைக் மீ’ அதற்குள்ளிருந்து எழுகிறது. ‘வெர்ஷன்’ பாடலில் பிச்சியோட்டோ கிளாரினெட் ஊதுகிறார். முறையாகக் கற்றவர் ஊதும் கிளாரினெட் அல்ல அது, அதனாலேயே பொருந்துகிறது. ‘பை யூ’வில் அதுவரை பின்னால் நின்ற லாலி முதன்முறையாகப் பாட வருகிறார், குரலை உயர்த்தாமல், சுற்றிலும் கிட்டார்கள் கொதிக்கக் கொதிக்க. இவற்றையெல்லாம் மேடையில் வாசித்தார்கள்தான். ஆனால் அந்த ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் விதம் ஸ்டுடியோ அறைக்கு மட்டுமே உரியது. பரிசோதனைத் தட்டு என்று ஒதுக்கிவிட முடியாதபடி ‘பெட் ஃபார் த ஸ்கிரேப்பிங்’ போன்ற துள்ளல் பாடலும் இதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, 2001 அக்டோபரில் வெளியான ‘தி ஆர்க்யுமென்ட்’. கடைசி ஆல்பம். செல்லோ, பெண்களின் பின்னணிக் குரல்கள், சில பாடல்களில் ஜெர்ரி புஷரின் இரண்டாவது டிரம்ஸ். நகரத்தின் பழைய குடியிருப்புகளிலிருந்து ஏழைகளை வெளியேற்றுவதைப் பற்றிய ‘கேஷ்அவுட்’ ஏறக்குறைய முணுமுணுப்பாகத் தொடங்கி, வெடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெடிக்கிறது. ஆறில் மிகச் சீரானது இதுவே. சில வேளைகளில் அந்தச் சீர்மையே எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது; அதனால்தான் ஒரு படி கீழே.

‘ரிப்பீட்டர்’ (1990) முதல் முழு ஆல்பம். பிச்சியோட்டோவும் கிட்டாரைக் கையிலெடுத்த பிறகு வந்தது. வாஷிங்டனில் கொலைகள் மலிந்திருந்த ஆண்டுகளின் சூழல் தலைப்புப் பாடலில் இருக்கிறது. மெக்கேயின் கிட்டார் அங்கே போலீஸ் வண்டி போல் அலறுகிறது. ‘மெர்ச்சண்டைஸ்’, ‘ப்ளூபிரிண்ட்’, ‘ஷட் த டோர்’ என்று பாடல்களாக எண்ணினால் எதற்கும் குறைந்ததல்ல. ஆனாலும் என் அளவுகோலில் இது மூன்றாவதுதான். இவற்றின் மேடைப் பதிவுகள் தட்டை வென்றுவிடுகின்றன.

1993இன் ‘இன் ஆன் த கில் டேக்கர்’ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முதலில் சிகாகோ சென்று ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியிடம் பதிவு செய்தார்கள். ஒன்றிரண்டு பாடல்கள் என்று போனது முழு ஆல்பமாக முடிந்தது. ஊர் திரும்பிக் கேட்டபோது நால்வருக்கும் அது பிடிக்கவில்லை, அல்பினிக்கும் திருப்தியில்லை. தூக்கி வைத்துவிட்டு, டெட் நைஸ்லியின் தயாரிப்பில் இன்னர் இயரில் மறுபடி பதிவு செய்தார்கள். கைவிடப்பட்ட பதிவு ரசிகர்களிடையே கள்ளத்தனமாகச் சுற்றியது. ஒப்பிட்டுக் கேட்டால் முடிவு சரிதான் என்று தெரியும். அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு அம்மைக் கிருமி ஏறிய போர்வைகளைக் கொடுத்த வரலாற்றைப் பேசும் ‘ஸ்மால்பாக்ஸ் சாம்பியன்’, இயக்குநர் ஜான் கசவெட்டிஸுக்கு மரியாதை செய்யும் ‘கசவெட்டிஸ்’ இரண்டிலும் கிட்டார்களின் முனை மழுங்கவில்லை. நிர்வாணா குழுவின் வெற்றிக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் நிலத்தடிக் குழுக்களைத் துரத்திய காலம். அட்லாண்டிக் இசை நிறுவனத்தின் அஹ்மெத் எர்டெகுன் நேரில் வந்து கேட்டும் இவர்கள் இணங்கவில்லை. இந்தத் தட்டுதான் பில்போர்டின் முதல் 200க்குள் நுழைந்த முதல் ஃபுகாஸி ஆல்பம். ஏன் நான்காவது? பிற்பகுதி களைப்பூட்டுகிறது. எல்லாப் பாடலும் ஒரே உச்சத்தில் நிற்க ஆசைப்படுகிறது.

‘எண்ட் ஹிட்ஸ்’ (1998) ஐந்தாவது. தலைப்பைப் பார்த்துக் குழு கலைகிறது என்று நினைத்தவர்கள் உண்டு. ‘பிரேக்’, ‘ஃபைவ் கார்ப்பரேஷன்ஸ்’ போன்றவை நறுக்கென்று முடிகின்றன. ‘ஃப்ளோட்டிங் பாய்’ போகுமிடம் தெரியாமல் அலைகிறது. ‘ரெட் மெடிசின்’ திறந்துவைத்த கதவுக்குள் தயங்கித் தயங்கி நடக்கும் ஆல்பம்.

கடைசி இடத்தில் ‘ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்’ (1991). நைஸ்லி அப்போது சமையல் கலை படித்துக்கொண்டிருந்ததால் குழுவே தயாரிப்பை ஏற்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ‘ரெட் மெடிசின்’னில் பலித்த அதே ஏற்பாடு இங்கே பலிக்கவில்லை. யாரும் தன் கருவியை மற்றவர் மீது ஏற்றிவிடக் கூடாது என்று எல்லோரும் ஒதுங்கி நின்றதுபோல் ஒலி வறண்டிருக்கிறது. பாடல்கள் மோசமில்லை. ‘ரெக்ளமேஷன்’ இவர்களுடைய ஆகச் சிறந்த பத்துப் பாடல்களில் ஒன்று. வளைகுடாப் போர் தொடங்கவிருந்த 1991 ஜனவரியில் வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில் குளிரில் நின்று வாசித்த குழு இது. அந்த ஆண்டின் மேடைப் பதிவு எதையாவது எடுத்து ‘ரெக்ளமேஷன்’ வரும் இடத்தைக் கேளுங்கள். தட்டில் அடக்கமாக இருக்கும் லாலியின் பாஸ் அங்கே அறையையே தள்ளிக்கொண்டு வருகிறது.