கோங்க் கோவில் வாசலும் நடந்து வந்தவன் கண்ணும்

மத்திய காலத் திருச்சபை வரலாற்றைக் கூறும் நூல்களில் ஒரு நிழற்படம் அடிக்கடி காணப்படும். பிரான்சு நாட்டின் தென்பகுதியில், அவேரோன் மாவட்டத்து மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கோங்க் என்னும் சிற்றூரின் மடாலயக் கோவிலில், மேற்கு வாசலுக்கு மேலே செதுக்கப்பட்டுள்ள இறுதித் தீர்ப்புச் சிற்பத்தின் படம் அது. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த அந்த அரைவட்டக் கற்பரப்பில் 124 உருவங்கள் உள்ளன. நடுவே தீர்ப்பளிக்கும் கிறிஸ்து, அவருடைய வலப்புறம் மீட்படைந்தோர், இடப்புறம் நரகம். மக்களின் நரக அச்சத்துக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு என்ற பொருளில் படத்தின் கீழே ஒரு குறிப்பு இருக்கும். மாணவர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவர். வகுப்பில் நானும் பல ஆண்டுகள் அவ்வாறே புரட்டியிருக்கிறேன். திருப்பயணத்துக்கு ஒரே வாக்கியம், கிரியைகளால் நீதிமானாகும் முயற்சி என்று. அடுத்த பக்கம் 1517.

அப்படிப் புரட்டியது சிற்பத்துக்கும் நியாயமன்று, சீர்திருத்தத்துக்கும் நியாயமன்று என இப்போது எண்ணுகிறேன். முக்காலியில் நிறுத்திய கருவி கண்ட கோணத்தில் இச்சிற்பத்தைத் திறனாய்வதே முதற்பிழை. ஒரு முழு நாள் நடந்து வந்து தலையை நிமிர்த்துகிறவனுக்காகச் செதுக்கப்பட்ட கல் இது. ஆகவே அந்த நாளிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ நகருக்குப் பிரான்சு வழியாகச் செல்லும் நான்கு பாதைகளை, 1140ஐ ஒட்டி எழுந்த ஒரு வழிகாட்டி நூல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றுள் ஒன்று ல புய் நகரிலிருந்து புறப்படும் பாதை. அந்நகரின் ஆயர் கோதெஸ்கால்க் 950ஆம் ஆண்டிலேயே சந்தியாகோவுக்குப் புறப்பட்டவர். இன்று அப்பாதை நெடுகிலும் மரங்களிலும் கற்களிலும் வெள்ளையும் சிவப்புமாகக் கோடுகள் தீட்டப்பட்டுள்ளன. ல புய் முதல் கோங்க் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அதில் கடைசிப் பகுதியான எஸ்தேன் முதல் கோங்க் வரையுள்ள வழியைப் பலர் கோலிஞாக் என்னும் ஊரில் இரவு தங்கி இரண்டாகப் பிரித்துக்கொள்வர். பிரிக்காமல் நடப்பவனுக்கு அன்று சுமார் 35 கிலோமீட்டர்.

காலையில் எஸ்தேன் கோட்டையின் அடியில் லோத் ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறான். சிறிது தூரம் ஆற்றங்கரை, பின்பு மரச்செறிவினூடே ஏற்றம். கோலிஞாக்கை அடையுமுன் 300 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பான்; வழியில் பாதிகூட முடிந்திராது. அப்பால் இறக்கமும் ஏற்றமுமாக எஸ்பெராக், செனெர்க் என்னும் ஊர்கள். சங்கீதம் சொல்லிக்கொண்டு புறப்பட்டவனும் பிற்பகலில் தண்ணீரையும் குதிகாலையும் தவிர வேறொன்றையும் நினைப்பதில்லை. இதை மிகைப்படுத்தல் என்போர், பேருந்து இல்லாத காலத்தில் சேகரத்தின் கடைசிக் கிராமம்வரை கால்நடையாகவே சென்று ஆராதனை நடத்திய மூத்த போதகர்களைக் கேட்டறியலாம். கடைசி இறக்கம் செங்குத்தான கற்பாதை, முழங்கால்களைச் சோதிப்பது. ஊரும் நெடுந்தொலைவிலிருந்து தெரிவதன்று. மிக அருகில் வந்த பின்னரே தட்டைக் கல் வேய்ந்த கூரைகள் கண்ணில் படுகின்றன. வருகிறவன் கிழக்கிலிருந்து வருவதால் கோவிலின் பின்புறத்தையே முதலில் காண்கிறான். சுற்றிக்கொண்டு மேற்கு வாசலுக்கு வரும்போது மாலை வெயில் அந்தக் கல்லின்மேல் நேராக விழுந்துகொண்டிருக்கும்.

மேற்கூறிய வழிகாட்டி நூல் கோங்கைப் பற்றிச் சிலவே சொல்கிறது: மறைசாட்சியின் உடல் அங்கு இருப்பது, நலமுள்ளோரும் நோயுற்றோரும் அங்கு நன்மை பெறுவது, கோவில் வாசலுக்கு எதிரே மிகச் சிறந்த நீரூற்று ஒன்று இருப்பது. சிற்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நடந்து வந்தவனுக்கு முதலில் வேண்டியது எது என்பதை அந்நூலாசிரியர் அறிந்திருந்தார்.

தண்ணீர் குடித்தபின் நிமிர்ந்து பார்ப்போம். சிற்பியின் கை நரகத்தில்தான் உயிர்ப்புடன் இயங்குகிறது. செருக்குற்ற வீரன் குதிரையிலிருந்து தலைகீழாக விழுகிறான். உலோபி கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்குகிறான். திருச்சபை அதிகாரிகள் செங்கோலும் கையுமாக ஒரு பேயின் வலைக்குள் அகப்பட்டுக் கிடக்கிறார்கள். நம் இனத்தார் அதைச் சற்று நின்று பார்க்கலாம். எதிர்ப்புறத்து விண்ணகமோ வரிசையாக, அமைதியாக, சற்று விறைப்பாக இருக்கிறது. இக்குறை கல்லில் செதுக்கியவனுக்கு மட்டும் உரியதன்று; நம் பிரசங்கங்களிலும் நரகத்துக்குத்தான் நல்ல வாக்கியங்கள் கிடைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு துலாக்கோல். ஒரு பக்கம் மிக்கேல் தூதன், மறுபக்கம் பேய். இருவரும் ஒருவரையொருவர் உற்று நோக்க, பேய் தன் விரலால் தட்டை அழுத்துகிறது. கள்ள நிறை நிறுக்கும் கடைக்காரனைக் கண்டு பழகியவன் செதுக்கிய காட்சி இது.

இச்சிற்பத்தின்மீது என் கடுமையான குற்றச்சாட்டு நரகத்தைப் பற்றியதன்று, விண்ணகத்தைப் பற்றியது. கிறிஸ்துவின் வலப்புறம் மரியாளும் பேதுருவும் முன்செல்ல, பின்னே ஒரு மடத்தலைவர் முடியணிந்த அரசன் ஒருவனைக் கைப்பிடித்து அழைத்து வருகிறார். அவன் சார்லமேன் பேரரசன் எனப் பெரும்பாலோர் கொள்வர்; மடத்துக்கு வாரி வழங்கியவன் என்று அம்மடத்தார் போற்றியவன். அவனுக்குப் பின்னே வருவோர் காணிக்கைப் பொருள்களை ஏந்தியுள்ளனர். மத்தேயு 25ஆம் அதிகாரத்து அழைப்பு அதே கல்லில் எழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவ்வதிகாரம் கூறும் செயல்கள், பசித்தவனுக்கு உணவும் ஆடையற்றவனுக்கு ஆடையும் கொடுத்தல், அங்கு உருவம் பெறவில்லை. அதே நூற்றாண்டில் பாசல் நகரத்துப் பேராலயத்தில் அமைந்த காலுஸ் வாசலில் அச்செயல்கள் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டுள்ளன. கோங்க் மடத்தார் கொடையாளியைத் தேர்ந்துகொண்டனர். 1530இல் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 20ஆம் பிரிவு, திருப்பயணங்களையும் அவை போன்றவற்றையும் தேவையற்ற கிரியைகளின் பட்டியலில் வைத்தபோது, அதன் கண்முன் நின்றது இத்தகைய கணக்குத்தான். அந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை.

எனினும் அரசனின் ஊர்வலத்துக்குக் கீழே, விரைந்து பார்ப்பவன் தவறவிடக்கூடிய ஒரு சிறு மூலை உண்டு. அங்கே ஓர் இளம்பெண் முகங்குப்புற விழுந்து கிடக்கிறாள். மேகத்திலிருந்து கடவுளின் கரம் ஒன்று அவள் தலையை நோக்கி நீண்டிருக்கிறது. ஆழான் நகரில் மறைசாட்சியாக இறந்த சிறுமி என மரபு கூறும் அவள் பெயர் ஃபுவா. இலத்தீனில் ஃபிதெஸ். அதன் பொருள் விசுவாசம். அவளுக்குப் பின்னால் வளைவுகளில் விலங்குகள் தொங்குகின்றன. விடுதலை பெற்ற கைதிகள் கொண்டுவந்து தொங்கவிட்ட இரும்புகள். அவற்றை உருக்கியே கோவிலின் உள்ளே திருப்பீடப் பகுதியைச் சுற்றியுள்ள கம்பி அளிகளைச் செய்தார்கள் என்பது செவிவழிச் செய்தி.

இந்த மூலையில் துலாக்கோல் இல்லை. கிடப்பவள் கையில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. பின்னால் தொங்கும் இரும்பும் விலையாகக் கொடுக்கப்பட்டதன்று. அதைச் சுமந்து நடந்தவன் நடக்கத் தொடங்குமுன்பே விடுதலையானவன். முதலில் விடுதலை, பிறகு நடை. மேலே அரசன் காணிக்கைகளோடு நுழைகிறான். கீழே விசுவாசம் வெறுங்கையோடு விழுந்து கிடக்கிறது. ஒரே கல் தன்னைத்தானே மறுத்துரைக்கிறது. சிற்பி அதை உணர்ந்து செய்தானா என்பது வேறு கேள்வி. ஒரு நாள் முழுவதும் நடந்து, தன் உடலால் எதையும் ஈட்ட இயலாது என்பதை முழங்கால்வரை உணர்ந்து வந்தவனுக்கு எந்தப் பகுதி பேசும் என்பதே என் கேள்வி.

இவ்வரிசை நமக்குப் புதியதன்று. 1678இல் வெளிவந்த பனியனின் நூலில் பாரம் முதுகிலிருந்து விழுவது பயணத்தின் முடிவில் அன்று. சிலுவையின் முன்னே, தொடக்கத்திலேயே. அதன்பின் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தின் வழியாக 1894 முதல் தமிழ்ச் சபையும் அதைக் கற்றிருக்கிறது. ஆயினும் நாம் பயணத்தை முற்றிலும் உருவகமாக்கிக்கொண்டோம். உருவகத்தில் நடப்பவனுக்குக் காலில் கொப்புளம் வருவதில்லை. உண்மையாக நடக்கிறவனைக் கண்டால் நாம் உடனே கிரியை என்கிறோம்.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. ஃபுவாவின் எச்சங்கள் 866ஆம் ஆண்டளவில் ஆழானிலிருந்து களவாகக் கொண்டுவரப்பட்டவை. கோங்க் மடத்துக் கதையே அதை வெட்கமின்றிச் சொல்கிறது. மரத்தின்மேல் பொன்தகடு வேய்ந்து மணிகள் பதித்த அவளுடைய சுரூபம் இன்றும் அங்குள்ளது. 1013இல் அங்கு வந்த ஆன்ஜே நகரத்துக் கல்வியாளர் பெர்னார், வழியில் ஓரியாக் ஊரில் இத்தகைய சுரூபம் ஒன்றைக் கண்டு, யூப்பித்தருக்கும் மார்சுக்கும் ஏற்ற சிலை என்று தோழனிடம் ஏளனம் செய்தார். கோங்கிலும் முதலில் மனத்துக்குள் நகைத்தார். பிறகு மனம் மாறினார். மாற்றியது எது? சுரூபத்தை இகழ்ந்த குரு ஒருவரின் கனவில் அப்புனிதை கோலோடு தோன்றியதாகவும் அவர் விரைவில் இறந்ததாகவும் மடத்தார் சொன்ன கதை. பெர்னாரின் முதற்பார்வையே கூர்மையானது. அச்சுறுத்தும் கதை ஓர் இறையியல் வாதமாகாது. அவரை அங்கு ஈர்த்ததோ, திருப்பயணி உடையிலேயே தன் எசமானால் கண்கள் பிடுங்கப்பட்டு, பின்னர் பார்வை பெற்றதாகச் சொல்லப்பட்ட கிபேர் என்பவனின் கதை. இன்றைய பாதையிலுள்ள எஸ்பெராக் அக்கதையோடு இணைத்துச் சொல்லப்படும் ஊர். பார்வை பெற்ற கிபேர் பின்னும் பலமுறை ஒழுக்கம் தவறியதைப் பெர்னார் மறைக்காமல் எழுதியதற்காக அவரை மதிக்கலாம்.

நம்மவர் செயலையும் சொல்லவேண்டும். 16ஆம் நூற்றாண்டு மதப்போர்களில் பிரெஞ்சுச் சீர்திருத்தக் கட்சியினர் இக்கோவிலுக்குத் தீ வைத்தனர். விசுவாசத்தினால் மட்டுமே என்று அறிக்கையிட்டவர்கள், விசுவாசம் என்ற பெயருடைய கோவிலைக் கொளுத்தினார்கள்.

சில ஆண்டுகளுக்குமுன் மாணவர் ஒருவர், “ஐயா, நன்றி சொல்வதற்காக நடப்பவனையும் லூத்தர் தடுப்பாரா?” என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். 1520இல் செருமானியப் பிரபுக்களுக்கு லூத்தர் எழுதிய நூலைப் பின்னர் மறுபடி படித்தபோதுதான் அவருக்குரிய விடை கிடைத்தது. உரோமைக்கு நடப்பவன் ஐம்பதோ நூறோ பொன் செலவழிக்கிறான். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் அயலானும் துன்புறுகிறார்கள். அவர்களைக் காப்பதே கடவுள் கட்டளை, அந்தப் பயணத்தை எவரும் கட்டளையிடவில்லை என்பது லூத்தரின் வாதம். இது இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆனால் அதே இடத்தில், ஊரையும் நாட்டையும் பார்க்கும் ஆவலால் ஒருவன் போவானாகில் அவனை அவன் விருப்பப்படி விட்டுவிடலாம் என்றும் எழுதுகிறார். வேடிக்கை பார்க்கப் போகிறவனை விட்டுவிட்டவர், நன்றியோடு போகிறவனைப் பிடித்து நிறுத்துவாரா? அவர் நிறுத்தியது கணக்கு எழுதிக்கொண்டு நடந்தவனை.

அந்தக் கணக்கு இன்று வேறு வடிவில் தொடர்கிறது. கோங்குக்கு வருவோரில் பலர் எந்தச் சபைக்கும் போகாதவர்கள். பாவமன்னிப்பு தேடி வந்தவர்கள் அல்லர். இருந்தும் நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், பயண ஏட்டில் எத்தனை முத்திரை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். நம் கூட்டங்களில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கையுயர்த்தினார்கள் என்று நாம் கேட்பதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. வாசல் நிலைக்கு நேர்மேலே, உள்ளே நுழைவோர் தலைக்கு மேல் ஓடும் கல்வெட்டு பாவிகளை விளித்து, நடத்தை மாறாவிடில் கடுந்தீர்ப்புக் காத்திருக்கிறது என்று எச்சரிக்கிறது. எவ்வளவு தூரம் நடந்தாய் என்று அது கேட்கவில்லை.

மாலையில் அம்மடத்துத் துறவி ஒருவர் வாசலில் நின்று நடைப்பயணிகளுக்குச் சிற்பத்தை விளக்குவது அங்குள்ள வழக்கம். அரைவட்டத்தின் விளிம்பிலிருந்து சில சிறு முகங்கள் தலையை நீட்டிக் கீழே எட்டிப் பார்க்கின்றன. அவை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை என்று சிற்பி சொல்லவில்லை. மறுநாட்காலையில் மேற்கு வாசல் நிழலில் இருக்கும். நடப்பவன் சார்லமேன் பெயரிட்ட தெருவழியே இறங்கி, தூர்தூ ஆற்றின் பழைய கற்பாலத்தைக் கடந்து, எதிர்மலையில் ஏறத் தொடங்குகிறான். சந்தியாகோவுக்கு இன்னும் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். பாதி ஏற்றத்தில் ஃபுவாவின் சிற்றாலயம் ஒன்று உள்ளது. அங்கு நின்று திரும்பிப் பார்த்தால் கோபுரங்கள் தெரியும். வாசற்சிற்பத்தில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது தெரியாது.