ஆவணமும் சாட்சியமும்: ஜான் மூலான் வரலாறு பற்றி ஒரு நோக்கு

பிரெஞ்சு எதிர்ப்பியக்கத் தலைவர்களுள் முதன்மையானவராகப் போற்றப்படும் ஜான் மூலானின் வாழ்க்கை மேடையில் ஒருவாறாகவும் ஆய்வில் பிறிதொருவாறாகவும் எழுதப்பட்டு வந்துள்ளது. மேடைப் பிரதி 1964 டிசெம்பர் 19ஆந் திகதிக்குரியது. மூலானுடையதெனக் கருதப்பட்ட அஸ்தி பாரிசிலுள்ள பாந்தியோனுக்குக் கொண்டுவரப்பட்டபொழுது, நாவலாசிரியரும் பண்பாட்டமைச்சருமான அந்திரே மல்ரோ, டி கோல் முன்னிலையில் உரையாற்றினார். அவ்வுரையில் மூலான், சித்திரவதையிலும் வாய்திறவாத ஒரு தேசத்தின் முகமாகவே தோற்றுகிறார். இரங்கலுரைக்கு அது தகும், வரலாற்றுக்குப் போதாது.

இக்குறையை நிறைக்க முற்பட்டவர் டானியல் கோர்டியே. 1942இல் மூலானின் செயலாளராகச் சேர்ந்த இவர், போரின் பின் நீண்டகாலம் இது பற்றி வாய்திறக்கவில்லை. எதிர்ப்பியக்கத்தின் மற்றொரு தலைவரான ஆன்றி பிரெனே, 1977இல் வெளியிட்ட நூலில் மூலானை மறைமுகப் பொதுவுடைமைவாதி எனச் சாடினார். தொலைக்காட்சியில் அவரை எதிர்கொண்ட கோர்டியே, நினைவை மட்டும் கொண்டு மறுக்கவியலாது என்பதை உணர்ந்தார். ஆவணக் காப்பகங்களிற் பல்லாண்டு உழைத்து, 1989 முதல் தம் பெருநூலின் தொகுதிகளை வெளியிட்டார். பிற்காலச் சாட்சியங்களிலும் திகதியிடப்பெற்ற அக்கால ஆவணமே மேலானது என்பது அவர்தம் கோட்பாடு. தமது நினைவுக்குங்கூட அவர் விலக்களிக்கவில்லை. இளமையில் மோராஸ் என்பாரின் தீவிர வலதுசாரிக் கருத்துகளில் ஊறியிருந்ததை 2009இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஒளிக்காது எழுதியவரிடம் இந்நேர்மை வியப்புக்குரியதன்று.

இம்முறையின் பயன் பெரிது. மேடையில் மறைந்துபோன நிருவாகியை அது மீட்டுத் தருகிறது. 1937இல், நமது அரசாங்க அதிபர் பதவியை ஒத்த ‘பிரிபே’ பதவியை நாட்டிலேயே மிக இளைய வயதில் ஏற்றவர் மூலான். 1942 ஜனவரியில் டி கோலின் தூதுவராய்ப் பரசூட் மூலம் இறங்கியவர் கையில் பணமும் வானொலித் தொடர்பும் இருந்தன; சிதறிக்கிடந்த குழுக்களைப் பிணைத்தவை அவையே. 1943 பெப்ரவரியில் டி கோல் அவருக்கு விடுதலைச் சிலுவையைச் சூட்டினார். மே 27இல் எட்டு இயக்கங்களும் ஆறு கட்சிகளும் இரு தொழிற்சங்கங்களும் பாரிசில் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தன. 1940இல் தோற்றுப்போன பழைய கட்சிகளை மீண்டும் அமரச் செய்வதேன் என்ற பிரெனேயின் எதிர்ப்பை வெறும் பொறாமையெனத் தள்ளுதல் பொருந்தாது. உயிரைப் பணயம் வைத்தோரின் கேள்வி அது. ஆயினும், நேசநாடுகளின் முன் டி கோல் தாம் ஒரு தனிப் படைத்தலைவர் மட்டுமல்லர் எனக் காட்ட வேண்டியிருந்தது. மூலான் இதனை உணர்ந்திருந்தார் என்பதே என் துணிபு.

எனினும் கோர்டியேயின் அளவுகோல் ஓரிடத்தில் இடர்ப்படுகிறது. 1940 ஜூன் 17இல் ஷார்த்ர் நகரில் ஜேர்மன் அதிகாரிகள் மூலான் முன் ஒரு தாளை நீட்டினர். பிரெஞ்சுப் படையிலிருந்த கறுப்பினத்தவரான செனகல் வீரர்கள் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றனர் என்பது அதன் வாசகம். அம்மக்கள் குண்டுவீச்சில் மாண்டவர்கள். கையொப்பமிட மறுத்த மூலான் பலமணிநேரம் தாக்கப்பட்டார். மறுநாள் தாம் பணிந்துவிடக்கூடும் என அஞ்சி, உடைந்த கண்ணாடித்துண்டாற் கழுத்தை அறுத்துக்கொண்டார். காவலர் கண்டு காப்பாற்றினர். அவர் கையொப்பமிட்டிருப்பின், திகதியும் முத்திரையும் அரச அதிகாரியின் ஒப்பமும் கொண்ட குறையற்ற ஆவணமொன்று காப்பகத்திற் கிடந்திருக்கும். பின்வந்த ஆய்வாளன் அதனை ஆதாரமாகக் காட்டியுமிருப்பான். மூலானின் முதற்போர் ஓர் ஆவணத்துக்கு எதிரானது!

(உலகறிந்த அவரது நிழற்படத்திலுள்ள கழுத்துத்துணி இத்தழும்பை மறைப்பதற்கென்று பலர் நம்புகின்றனர். அப்படமோ இந்நிகழ்ச்சிக்கு முன் எடுக்கப்பட்டது. வாசகர் விரும்புவதைப் படமும் சொல்லிவிடுகிறது.)

1943 ஜூன் 21இல் லியோன் நகரையடுத்த கலூயரில் ஒரு மருத்துவர் வீட்டில் மூலான் கைதானார். கிளவுஸ் பார்பியின் சித்திரவதைக்குப் பின், ஜூலை 8இல், ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்படுகையிற் புகையிரதத்தில் இறந்தாரென்பது பதிவு. காட்டிக்கொடுத்தாரெனக் குற்றஞ்சாட்டப்பட்ட ரெனே ஆர்தி 1947இலும் 1950இலும் விடுவிக்கப்பட்டார். துரோகி யாரென்ற வினாவிலே நூற்றுக்கணக்கான பக்கங்கள் செலவாகியுள்ளன. அவ்வளவு கவனம் ஷார்த்ர் இரவின் பிரதிக்குக் கிட்டவில்லை என்பதே என் மனக்குறை.

அப்பிரதி மூலானே 1941இல் எழுதி மறைத்துவைத்தது. 1947இல் அவர் சகோதரி லோர் மூலான் டி கோலின் முன்னுரையோடு பதிப்பித்தது. நிகழ்ச்சிக்குப் பல மாதங்களின் பின், அதில் ஈடுபட்டவராலேயே எழுதப்பட்டது. கோர்டியேயின் கடுமையான அளவுகோலின்படி இரண்டாந்தரச் சாட்சியம். அவ்வறையில் நிகழ்ந்ததை, அடித்தவர்களின் தாளைக் கொண்டல்லாமல், அடிபட்டவரின் இந்நினைவைக் கொண்டே நாம் அறிகிறோம்.