லலித்பூரில் ஓர் அரைநாள்

முக்திநாத்துக்குப் போகும் தமிழர்களுக்கு, திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத்தைச் சேவித்த பிறகோ அதற்கு முன்போ, காத்மாண்டுவில் ஒரு நாள் கையில் மிஞ்சும். பெரும்பாலும் அந்த நாள் வேனிலேயே கழிந்துவிடுகிறது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடங்கள் ஏழு. ஏழையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினால் இறங்குவதும் படமெடுப்பதும் ஏறுவதுமாகப் பொழுது போய்விடும். காலையில் பசுபதிநாதரைத் தரிசித்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதையும் பாக்மதி ஆற்றின் தென்கரையில் இருக்கும் லலித்பூருக்கே கொடுங்கள். பாடன் என்றும் அந்த ஊரைச் சொல்வார்கள்.

அங்குள்ள தர்பார் சதுக்கத்தில் கிழக்கே மல்ல மன்னர்களின் அரண்மனை, எதிரே மேற்கில் வரிசையாகக் கோயில்கள். கல்லையே பார்த்துப் பழகிய நம் கண் முதலில் கிருஷ்ணர் கோயில் பக்கம்தான் போகும். சித்தி நரசிம்ம மல்லர் 1637-இல் எழுப்பிய கற்கோயில் அது. முதல் தளத்தைச் சுற்றி மகாபாரதக் காட்சிகள், அதற்கு மேல் தளத்தில் ராமாயணம். கதை தெரிந்த நமக்கு விளக்கப் பலகையே வேண்டாம். கீழே நின்றபடி ஒவ்வொரு காட்சியாக அடையாளம் காணலாம்.

ஆனால் இந்த ஊரின் உயிர் செங்கல்லிலும் மரத்திலும் இருக்கிறது. அடுக்கடுக்கான கூரைகளின் கீழே சாய்வாக நிற்கும் மரத் தாங்குகட்டைகளைப் பாருங்கள். சுவரைத் தாண்டி நீளும் கூரையின் பாரத்தை அவைதான் சுமக்கின்றன. மழைநீர் செங்கல் சுவரில் படாமலிருக்கத்தான் கூரை அவ்வளவு தூரம் நீள்கிறது. பாரம் சுமக்கும் அந்தக் கட்டையிலேயே நேவார் இனத் தச்சர்கள் பல கைகள் கொண்ட தெய்வங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தெய்வத்தின் காலடியில் சின்னஞ்சிறு உருவங்கள் இருக்கும், அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

மரத்தின் நிறத்தையும் கவனியுங்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் இந்தச் சதுக்கத்தின் சார் நாராயணன் கோயிலும் ஹரிசங்கரர் கோயிலும் அடியோடு சரிந்தன. இடிபாடுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த பழைய மரத்துண்டுகளோடு புது மரத்தை இணைத்து இரண்டையும் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். கறுத்த கட்டைக்குப் பக்கத்தில் வெளிறிய கட்டை தெரிந்தால், அந்த இணைப்பை நெருங்கிப் போய்ப் பாருங்கள். அதே கலை தெரிந்த கைகள் இன்றும் அந்த ஊரில் இருக்கின்றன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது அதுதான்.

சதுக்கத்தின் வடபுறத்தில் மங்கா ஹிட்டி. படிகளில் இறங்கினால் தரைமட்டத்துக்குக் கீழே மகர முகம் கொண்ட கல் தாரைகளிலிருந்து தண்ணீர் விழுகிறது. இதன் தொடக்கம் 6-ஆம் நூற்றாண்டு. குளங்களிலும் வாய்க்கால்களிலும் தேங்கிய நீர் மண்ணுக்கடியில் ஊறி வந்து தாரையில் இறங்குவதுதான் ஏற்பாடு. அடர்ந்த கட்டடங்களால் பள்ளத்தாக்கில் பல தாரைகள் வற்றிப்போயின. இங்கே இன்னும் பெண்கள் குடம் நிரப்புகிறார்கள். சற்று ஒதுங்கி நின்று பாருங்கள். அவர்கள் வேலைக்கு நடுவே கேமராவை நீட்ட வேண்டாம்.

அரண்மனைக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மாலையில் மூடிவிடுவதால் சதுக்கத்தை ஒரு சுற்று பார்த்ததும் உள்ளே போய்விடுங்கள். சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தெய்வங்களை முத்திரையையும் ஆயுதத்தையும் வைத்து அடையாளம் காண அங்கே பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். சுந்தரி சௌக் என்னும் முற்றத்தில் இருக்கும் துஷா ஹிட்டி என்னும் அரசரின் நீராடுமிடத்தையும் பாருங்கள். சுவரின் மாடங்களில் வரிசையாகச் சிறு தெய்வங்கள்.

வெளியே வரும்போது வெயில் மேற்கே சாய்ந்திருக்கும். அரண்மனையின் செங்கல் சிவந்து ஒளிரும் நேரம் அதுதான். எதிரே உயர்ந்த தூணின் உச்சியில் யோக நரேந்திர மல்லர் மண்டியிட்டிருக்கிறார். தலைக்கு மேல் நாகப்படம், அதன் மேல் ஒரு பறவை. அந்தப் பறவை பறந்துபோகாத வரை அரசர் திரும்பி வருவார் என்பது ஊரார் நம்பிக்கை. அவருக்காக அரண்மனையில் ஒரு சன்னலைத் திறந்தே வைத்திருப்பார்கள் என்றும் சொல்கிறார்கள்.

பசித்தால் கோயில்களுக்குப் பின்னால் இருக்கும் சிறு கடைகளில் 'பாரா' கேளுங்கள். உளுந்தை அரைத்துத் தட்டையாகக் கல்லில் வார்ப்பது. மேலே முட்டையோ இறைச்சியோ போடுவதும் உண்டு. சைவர்கள் வெறும் பாரா என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் வடக்கே சிறிது நடந்து பொற்கோயில் எனப்படும் புத்த விகாரத்துக்குப் போகலாம். தோல் செருப்பும் இடுப்புவாரும் அணிந்து உள்முற்றத்தில் இறங்கக் கூடாது. உலோகச் சிற்பத்தில் நாட்டமுள்ளவர்கள் அதற்குப் பதிலாகத் தெற்கே ஓகு பகால் பக்கம் போவது மேல். சுவாமிமலையைப் போலவே மெழுகில் உரு செய்து மண் பூசி வார்க்கிறார்கள். உலோகம் மட்டும் பெரும்பாலும் செம்பு, அதன் மேல் பொன்முலாம். பட்டறைக் கதவு திறந்திருந்தால், அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம்.