கேமரா யார் கையில்?

ஏனாத்தூர் வகுப்பறையில் ஈழக் கவிதை படிக்கும் மாணவிகள் முள்ளிவாய்க்கால் படங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது: கேமரா யார் கையில் இருந்தது?

2011இல் சேனல் 4 ஒளிபரப்பிய ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ ஆவணப்படத்தில் ஷெல்லடிக்கு நடுவே தமிழர் எடுத்த காட்சிகள் உண்டு. வெற்றிச் சின்னமாகச் சிப்பாய்கள் எடுத்தவையும் உண்டு. பின்னவற்றில் பெண்களின் சடலங்கள் கேலிப் பொருளாகின்றன.

இவை சாட்சியமாகத் தேவை. செய்தி வாசிப்பாளர் இசைப்பிரியா சண்டையில் இறந்ததாக இலங்கை ராணுவத் தரப்பு சொன்னது. அவர் உயிரோடு பிடிபட்டதை 2013இல் வெளியான காணொளி காட்டியது. ஆனால் அந்த உடலையே நம் மேடைகளும் சுவரொட்டிகளும் இனமானத்தின் அடையாளமாக்கியபோது, சிப்பாயின் பார்வையைத்தான் கடன் வாங்கினோம். செய்தி வாசித்த குரல் மறைந்தது. உடல் மட்டும் மிஞ்சியது.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் போராடத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஏந்துவது வேறு படங்கள். நேராக நம்மைப் பார்க்கும் முகங்கள். அவற்றில் ரத்தம் இல்லை. ‘எங்கே?’ என்ற கேள்வி இருக்கிறது.

சிப்பாய் எடுத்த படம் விசாரணைக்குப் போகட்டும். நம் சுவர்களுக்கு அம்மாக்களின் படம் போதும்.