காணாமல் போன 2048

பி.காம். படித்ததில் எனக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு வித்தை. ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் பதறக் கூடாது. வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். அது ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். இத்தனை வருஷம் கழித்து அந்த வித்தை கைகொடுத்தது.

என் 3 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கின் வெளிப்பெட்டி ஒரு நாள் உயிரை விட்டது. பெட்டிதானே போனது, டிஸ்க் இல்லையே என்று பரணில் கிடந்த பழைய பெட்டியில் மாட்டினேன். விளக்கு எரிந்தது, சுழலும் சத்தமும் கேட்டது. ஆனால் விண்டோஸ் காட்டிய அளவு வெறும் 746 ஜி.பி. கூடவே பணிவாக ஒரு கேள்வி. டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா?

உள்ளே அப்பாவின் குரல் இருந்தது. கடைசி வருஷத்தில் காசெட்டில் ஊர்க்கதை சொல்லியிருந்தார். காசெட்டுகளைப் பூஞ்சை தின்றுவிட்டது.

ரிச்சி தெருவில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைத் தம்பி ஒரு பார்வைதான் பார்த்தார்.

''போச்சு சார். ஃபார்மட் பண்ணித் தரட்டுமா?''

''வேணாம் தம்பி'' என்று திரும்பிவிட்டேன். ராத்திரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

டிஸ்க் கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். 3 டெராபைட் என்றால் 3 லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணும். அதன் கணக்கில் இது 2794 ஜி.பி. (இந்தக் குழப்பத்துக்காக அமெரிக்காவில் வழக்கே நடந்து, 2007-ல் சீகேட் 5 சதவிகிதம் திருப்பித் தரச் சம்மதித்தது.) சரி, 2794-ல் 746 போனால்? 2048. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் வருகிற எண். திருடன் சிக்கினான்!

டிஸ்க் 512 பைட் கொண்ட சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கிறது. பழைய பெட்டிக்குள் இருக்கும் சிப், அறை எண்ணை 32 பிட்டில் எழுதும். அதில் சுமார் 429 கோடி அறைகள் வரைதான் எண்ண முடியும். அதாவது சரியாக 2048 ஜி.பி. அதைத் தாண்டினால் ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, பெட்டிக்குத்தான் எண்ணத் தெரியவில்லை.

மறுநாள் புதுப் பெட்டி வாங்கி மாட்டினேன். 2794!

சினிமாவை விமர்சிக்கிறோம், நாவலை விமர்சிக்கிறோம். கோடிக்கணக்கான பேர் படிக்கிற எரர் மெசேஜை மட்டும் யாரும் விமர்சிப்பதில்லை. அந்த ஒரு வரிக் கேள்வியைப் பாருங்கள். 'எனக்குப் படிக்கத் தெரியவில்லை' என்பதை 'இதில் ஒன்றுமில்லை' என்கிற தொனியில் சொல்கிறது. அழிப்பதற்கான முதல் படியை, 'காபி சாப்பிடறீங்களா?' போல விசாரிக்கிறது. ஓகே பட்டன் தயாராகக் காத்திருக்கிறது. 'உள்ளே ஏதாவது இருக்கலாம், வேறு பெட்டியில் போட்டுப் பாருங்கள்' என்று இன்னொரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? பெட்டி விற்றவர்களும் 2 டெராவுக்கு மேல் ஆகாது என்று அட்டையில் அச்சடிக்கவில்லை. மிக்ஸி ஜாரில்கூட ஒரு கோடு போட்டிருக்கிறான்.

இன்னொரு வகைப் பெட்டியும் உண்டு. சில பெட்டிகள் அறையின் அளவை 4096 பைட் என்று மாற்றிக் காட்டும். சில, எல்லாவற்றையும் ரகசியக் குறியீடாக்கி எழுதும். அதிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி வேறு எதில் மாட்டினாலும் காலியாகத்தான் தெரியும். அதே மாடல் பெட்டியைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. அதுவரை ஓகே பட்டன் பக்கம் விரல் போகக் கூடாது.

ஃபைலைத் திறந்தேன். அப்பா கனைத்துக்கொண்டு, ''எங்க விட்டேன்?'' என்று ஆரம்பித்தார்.

இப்போது அந்தக் குரல் இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது. பி.காம். பாஷையில் இதற்கும் டபுள் என்ட்ரி என்றே பெயர் வைத்துக்கொள்ளலாம்.